கையில் ராஜா ஜோடி, எதிரில் ஏஸ் ஜோடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீட்டுக் கணக்கு. எல்லாம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: என் கையில் நல்ல சீட்டு இருக்கிறது, அதைவிட நல்லது எதிராளியிடம் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள், ஏழில் சிறந்த ஐந்தை வைத்து ஜெயிப்பு. இங்கே பேசுவது முதலில் வரும் அந்த இரண்டு சீட்டைப் பற்றி.

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: கல்மண்டபம் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை ராத்திரி பத்துப் பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, கேரம் காய்தான். போன வாரம் எனக்கு இரண்டு ராஜா வந்தது. இருந்த காய் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். எதிரில் இருந்தவன் இரண்டு ஏஸைத் திருப்பிக் காட்டினான். சீட்டு போட்டது அவனுடைய மச்சான். 221 தடவைக்கு ஒரு தடவைதான் ஏஸ் ஜோடி வரும் என்கிறார்கள். எனக்கு ராஜா வந்த அதே ஆட்டத்தில் அவனுக்கு ஏஸ் வருமா? இது திருட்டாட்டம்தானே ஐயா? அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி வரிதான். அதற்காகவே இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் போடுகிறேன், பொறுமையாகக் கூடவே வாருங்கள்.

221 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு கட்டை எடுத்து நான்கு ஏஸையும் தனியே பிரித்துத் தரையில் போடுங்கள். இஸ்பேடு, ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர். இதில் இரண்டை எத்தனை விதமாக எடுக்கலாம்? இஸ்பேடோடு மற்ற மூன்றையும் சேர்த்தால் மூன்று ஜோடி. இஸ்பேடை ஓரம் வைத்துவிட்டு ஹார்ட்டினோடு மீதி இரண்டைச் சேர்த்தால் இரண்டு ஜோடி. கடைசியில் டைமண்டும் கிளாவரும் ஒன்று. ஆக 6. எந்த ஜோடிக்கும் இதே 6தான், ராஜாவுக்கும் 6, ரெண்டுக்கும் 6. முழுக் கட்டில் 52 சீட்டிலிருந்து இரண்டை எடுக்க 52 × 51 / 2, அதாவது 1326 வழி. 1326-ஐ 6 ஆல் வகுத்தால் 221. நீங்கள் சொன்ன எண் சரி.

ஆனால் அது சீட்டு போடுவதற்கு முன்னால் உள்ள எண். உங்கள் கையில் இரண்டு ராஜா வந்துவிட்ட பிறகு, உங்களுக்குத் தெரியாத சீட்டு 50தான். அதிலிருந்து இரண்டை எடுக்க 50 × 49 / 2 = 1225 வழி. நான்கு ஏஸும் அந்த 50-க்குள்ளேயே இருக்கின்றன, ஆகவே ஏஸ் ஜோடி இன்னும் 6 வழி. 1225-இல் 6 என்றால் 204-க்கு ஒன்று. இது ஒரே ஒரு எதிராளிக்கு உள்ள கணக்கு.

நீங்கள் தடுக்கி விழுந்த இடம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தது ஒருவர் இல்லையே, ஒன்பது பேர். அந்த ஏஸ் ஜோடி உங்களுக்கு இடது பக்கம் இருந்தவரிடம் இருந்திருந்தாலும், படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவரிடம் இருந்திருந்தாலும் நீங்கள் இதே மாதிரிதான் நொந்துபோயிருப்பீர்கள், இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பீர்கள். அப்படியானால் ஒன்பது பேரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். காசிமேட்டில் ஒரு குறிப்பிட்ட படகில் இன்றைக்குப் பெரிய வஞ்சிரம் வந்திருக்குமா என்று கேட்டால் தெரியாது என்போம். துறைமுகத்தில் எந்தப் படகிலாவது வந்திருக்குமா என்று கேட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஒன்பது பேரில் யாராவது ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 9 × 6 / 1225, நூற்றுக்கு 4.4. இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் ஏஸ் ஜோடி வரும் மிகச் சிறிய வாய்ப்பு இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும், அதைக் கழித்தால் 4.39. ஆக, பத்துப் பேர் ஆட்டத்தில் உங்களுக்கு ராஜா ஜோடி வரும்போதெல்லாம், ஏறக்குறைய 23 தடவைக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் ஏஸ் ஜோடியோடு உட்கார்ந்திருப்பார். 221 எங்கே, 23 எங்கே!

இன்னும் ஒரு படி போகலாம். உங்கள் மொட்டைமாடியைப் பொறுத்தவரை, ராஜா ஜோடி யாருக்கு வந்தது என்பதும் முக்கியமில்லை. பத்துப் பேரில் யாரோ ஒருவருக்கு ராஜா, மீதி ஒன்பது பேரில் யாரோ ஒருவருக்கு ஏஸ். இப்படி 90 விதமாக ஆட்களைப் பொருத்தலாம். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் வாய்ப்பு 221-இல் ஒன்று பெருக்கல் 204-இல் ஒன்று, அதாவது சுமார் 45,000-இல் ஒன்று. அதை 90 ஆல் பெருக்கினால் 500 தடவை சீட்டு போட்டால் ஒரு தடவை. ஒரு ராத்திரிக்கு 80 தடவை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்துக்கு ஒரு முறை உங்கள் மாடியில் ராஜாவும் ஏஸும் மோதத்தான் செய்யும். அதில் ராஜாவைப் பிடித்துக்கொண்டு தோற்கும் இடத்தில் நீங்களே இருப்பது சுமார் 5000 தடவைக்கு ஒன்று, அதாவது சனிக்கிழமை தவறாமல் ஆடினால் ஒன்றேகால் வருஷத்துக்கு ஒரு முறை. ஏஸைப் பிடித்துக்கொண்டு ராஜாவைப் பார்ப்பதும் அதே அளவுக்கு உங்களுக்கு வரும்.

அப்படியானால் திருட்டு நடக்கவே இல்லை என்று இந்தக் கணக்கு சொல்கிறதா? அப்படிச் சொல்லவில்லை. இந்த ஒரு ஆட்டத்தை வைத்துத் திருட்டு என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் சொல்கிறது. சந்தேகம் மனதில் தங்கிவிட்டால் ஆட்டம் ருசிக்காது, அதனால் இரண்டு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சீட்டு போடுவது ஆளாளுக்குச் சுற்றி வரட்டும், ஒருவர் கலைத்த கட்டை இன்னொருவர் வெட்டட்டும். அப்புறம், கலைப்பதையே ஒழுங்காகக் கலையுங்கள். நம் வீடுகளில் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அடியில் தள்ளுவார்கள், அதில் பழைய ஆட்டத்தில் சேர்ந்து கிடந்த சீட்டு அப்படியே சேர்ந்து கிடக்கும். கட்டை இரண்டாகப் பிரித்து விளிம்பு விளிம்பாக ஒன்றுக்குள் ஒன்று விழவிடும் முறை நல்லது. அப்படி ஏழு தடவை செய்தால் ஒரு கட்டு நன்றாகக் கலைந்துவிடும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1992-இல் காட்டியிருக்கிறார்கள். டயகோனிஸ் சின்ன வயதில் மேஜிக் செய்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர், சீட்டு அவருக்குக் கைப்பழக்கம்.

இன்றைக்கே அந்த நண்பருக்குப் போன் போடுங்கள் தம்பி. இந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் நான், அவர், மகன், மருமகள், அவளுடைய அப்பா அம்மா என்று ஆறு பேர் ஆடுவோம், பந்தயம் புளியங்கொட்டை. ஒரு ஏஸ் வந்துவிட்டால் போதும், கூட எது இருந்தாலும் நான் விடமாட்டேன். மகன் திட்டுகிறான். ஏஸும் எட்டும் கையில் இருந்தால் ஆடக் கூடாதா?

அம்மா, மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏஸ் பெரிய சீட்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் ஏஸை நம்பி ஆடும்போது நடுவில் ஒரு ஏஸ் விழுந்தால், உங்களோடு நின்று மல்லுக்கட்டுபவர் யார்? அவரும் ஏஸ் வைத்திருப்பவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். அப்போது கூட இருக்கும் துணைச் சீட்டுதான் தீர்ப்பு சொல்லும்.

எண்ணிப் பார்ப்போம். ஒரு ஏஸ் உங்களிடம், மீதி மூன்று வெளியே. எட்டைவிடப் பெரிய துணை என்றால் ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா என்று ஐந்து வகை, ஒவ்வொன்றிலும் நான்கு சீட்டு. மூன்று ஏஸும் நான்கு ராஜாவும் சேர 12 வழி; இப்படி ஐந்து வகைக்கும் 60. இதோடு மூன்று ஏஸில் இரண்டு சேரும் ஏஸ் ஜோடி 3 வழி. ஆக 63. 1225-இல் 63 என்றால் நூற்றுக்கு ஐந்து சொச்சம், ஒரு ஆளுக்கு. உங்களுக்கு எதிரே ஐந்து பேர், ஆகவே யாராவது ஒருவரிடம் உங்கள் ஏஸை அமுக்கும் ஏஸ் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு சுமார் 23. நாலு தடவைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். துணை ரெண்டாக இருந்தால் 135 வழி, ஐந்து பேருக்கு நேரே அது சுமார் 44-க்குப் போய்விடும், கிட்டத்தட்டப் பூவா தலையா. துணை ராணியாக இருந்தால்? ராஜாவோடு சேரும் 12, ஏஸ் ஜோடி 3, மொத்தமே 15 வழிதான். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள், கையில் அதே ஏஸ்தான்.

ஒன்றைக் கவனித்தீர்களா, ஏஸ் ஜோடி வழக்கமாக 6 வழி, இங்கே 3 ஆகிவிட்டது. ஒரு ஏஸ் உங்கள் கையில் மாட்டிக்கொண்டதால் எதிராளிக்கு ஜோடி சேர்வது பாதியாகக் குறைகிறது. உங்கள் கையில் ஏஸும் ராஜாவும் இருந்தால் ஏஸ் ஜோடி 3, ராஜா ஜோடி 3, ஆக பயப்பட வேண்டியது மொத்தம் 6 வழிதான். இரண்டு ராணி வைத்திருப்பவருக்கு அதே இரண்டு ஜோடிக்கும் 12 வழி பயம். நம் கையில் இருக்கும் சீட்டே எதிராளியின் கையைச் சுருக்குகிறது. இதைப் புரிந்துகொண்டவர் ஆடுவதே வேறு மாதிரி இருக்கும்.

கடைசியில் சீட்டு போட்டவராக நீங்கள் இருந்து, மற்றவர்கள் மடித்துவிட்டு, அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டு, இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி என்றால் ஏஸும் எட்டும் ஆடுங்கள் அம்மா. முதல் ஆளாகப் பேச, அதாவது ஆடுவதா மடிப்பதா என்று சொல்ல வேண்டிய இடத்தில் வந்தால் மடித்துவிடுங்கள். மடித்தவரிடம் இருந்த சீட்டு உங்களைக் கடிக்காது, இன்னும் பேசாமல் இருப்பவர்களைத்தான் எண்ண வேண்டும். எட்டாம் நம்பர் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள், பத்துப் பேர் ஆட்டத்தில் முதலில் பேசுபவருக்குப் பிறகு ஒன்பது பேர், அவரைவிடப் பெரிய ஜோடி எங்காவது இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு சுமார் 24. எல்லோரும் மடித்து இரண்டே பேர் பாக்கி இருக்கும்போது அதே எட்டு ஜோடிக்கு அது 6-க்கும் கீழே.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பெரிய ஜோடி வாய்ப்புக்கு ஒரு சுருக்கு வழி நண்பன் சொன்னான். நம் ஜோடியைவிடப் பெரிய சீட்டு எத்தனை வகை, எதிராளிகள் எத்தனை பேர், இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கு, அதுதான் சதவீதம் என்றான். ரெண்டாம் நம்பர் ஜோடிக்கு ஒன்பது பேரை வைத்துப் போட்டால் 54 வருகிறது. இது சரியா?

சுருக்கு வழி நல்ல வழிதான், எல்லை தெரிந்து பயன்படுத்தினால். ஒரு வகை ஜோடி ஒரு ஆளிடம் இருக்க 6 / 1225, அதாவது நூற்றுக்கு 0.49. அதை அரை என்று வைத்துக்கொண்டதுதான் உன் நண்பன் சொன்னது. ராணி ஜோடிக்கு மேலே இரண்டு வகை, ஒன்பது பேர், பெருக்கிப் பாதியாக்கினால் 9. சரியான விடை 8.6. ஜாக்கி ஜோடிக்கு சுருக்கு 13.5, சரியானது 12.6. பத்து ஜோடிக்கு 18, சரியானது 16.5. கீழே போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே வருகிறது பார், ரெண்டு ஜோடிக்கு சுருக்கு 54 என்கிறது, உண்மையில் சுமார் 42தான்.

ஏன் இப்படி? உன் பாட்டியோடு தாயம் ஆடியிருப்பாயே, அதை நினைத்துக்கொள். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம், வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் 16 விதம். தாயம் விழ ஒன்றில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வர வேண்டும், அதற்கு 2 விதம். ஆக எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டுத் தடவை உருட்டினால் நிச்சயம் தாயம் விழுந்துவிடுமா? விழாது என்று உனக்கே தெரியும், எத்தனை பேர் பத்து உருட்டு உருட்டியும் காய் இறங்காமல் வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். பெருக்கினால் 8 × 1/8 = 1 என்று வருகிறது, ஆனால் அது தப்பு, ஏனென்றால் சில ஆட்டத்தில் தாயம் இரண்டு மூன்று தடவை விழும், அதையெல்லாம் நாம் தனித்தனியாக எண்ணிவிட்டோம். சரியான வழி, விழாமல் போகும் வாய்ப்பைப் பார்ப்பது. ஒரு உருட்டில் விழாமல் போக 7/8. எட்டு உருட்டிலும் விழாமல் போக 7/8-ஐ எட்டுத் தடவை பெருக்கு, 0.34 வரும். ஆக விழ வாய்ப்பு நூற்றுக்கு 66.

போக்கரிலும் அதேதான். ரெண்டு ஜோடியை ஜெயிக்கும் பெரிய ஜோடி 72 வழி, ஒருவரிடம் இல்லாமல் இருக்க 1153 / 1225. அதை ஒன்பது தடவை பெருக்கி 1-இலிருந்து கழி, 0.42, அதாவது நூற்றுக்கு 42 வரும். ஒருவருடைய சீட்டு அடுத்தவருடையதைக் கொஞ்சம் பாதிக்கும் என்பதால் இதிலும் ஒரு துளி பிசகு உண்டு, ஆட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. பிரான்சில் 1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு கணிதவியலாளர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித்தான் நிகழ்தகவுக் கணக்குக்கே அடித்தளம் போட்டார்கள், அதில் வந்த கேள்விகளில் ஒன்று பகடையை உருட்டி ஆறு விழுவது பற்றியது. ஒரு பகடையை 4 தடவை உருட்டினால் ஒரு ஆறாவது விழ வாய்ப்பு நூற்றுக்கு 51.8, இரண்டு பகடையை 24 தடவை உருட்டினால் இரட்டை ஆறு விழ 49.1. பெருக்கிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். தாயக்கட்டை உருட்டிய நம் பாட்டிகளுக்கு இந்த வித்தியாசம் கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

மேலே மூன்று நான்கு வகைக்குள் இருந்தால் சுருக்கு வழியைப் போடு. அதற்குக் கீழே போனால் விடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்: ஜாக்கி ஜோடி வைத்திருக்கும்போது ஒரு எதிராளியிடம் அதைவிடப் பெரிய ஜோடி இருக்க நூற்றுக்கு ஒன்றரைதான் என்று கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார், அதிகம் ஆடமாட்டார். அவர் பந்தயத்தை ஏற்றினால் ஜாக்கியோடு நான் போய் மாட்டிக்கொள்கிறேன். கணக்கு தப்பா, என் நேரமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கணக்கும் தப்பில்லை, நேரமும் இல்லை. கணக்கு எந்த நேரத்துக்கு உரியது என்பதைத்தான் பார்க்கத் தவறிவிட்டீர்கள்.

அந்த ஒன்றரை, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் உள்ள எண். மே மாதம் சென்னையில் மழை பெய்யுமா என்று கேட்டால் பெரும்பாலும் பெய்யாது என்போம். ஆனால் பெரம்பூரிலிருந்து வந்த ஒருவர் சட்டை முழுக்க நனைந்து, தலையைத் துவட்டிக்கொண்டே படியேறுகிறார் என்றால் மாதம் மே என்று யாராவது வாதாடுவார்களா? அவர் பந்தயத்தை ஏற்றியதுதான் அந்த நனைந்த சட்டை.

எண்ணில் பார்க்கலாம். அந்த மனிதர் எதற்கெல்லாம் ஏற்றுவார் என்று நீங்கள் இத்தனை நாள் பார்த்திருப்பீர்கள். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, அப்புறம் ஏஸும் ராஜாவும், இதற்கு மட்டும்தான் ஏற்றுவார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஜோடிக்கும் 18 வழி. ஏஸும் ராஜாவும் 4 × 4 = 16 வழி. மொத்தம் 34. அவர் ஏற்றிவிட்ட அந்த நொடியில் 1225 என்ற எண் செத்துவிட்டது, இப்போது மொத்தமே 34தான். அதில் உங்கள் ஜாக்கியை ஏற்கெனவே ஜெயித்து நிற்பது 18. நூற்றுக்கு 53! ஒன்றரை எங்கே போயிற்று என்கிறீர்களா, அது 53 ஆக மாறி உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் முடியவில்லை. பெரிய ஜோடியோடு கடைசி வரை மோதினால் உங்கள் ஜாக்கிக்கு நூற்றில் 19 போலத்தான் ஜெயிப்பு. ஏஸும் ராஜாவுமாக இருந்தால் உங்களுக்கு 55, 56 போல. இரண்டையும் 18-க்கும் 16-க்கும் ஏற்றபடி கலந்து பார்த்தால் மொத்தத்தில் 36 வருகிறது. மூன்று தடவை போனால் இரண்டு தடவை தோற்பீர்கள், அதைத்தான் உங்கள் நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே ஜாக்கியை, எதற்கெடுத்தாலும் ஏற்றும் ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பாரே, அவருக்கு எதிரே வைத்துப் பாருங்கள். அவர் எல்லா ஜோடிக்கும், ஏஸோடு எது வந்தாலும் ஏற்றுகிறவர் என்றால், ஜோடிகள் பன்னிரண்டு வகை 72 வழி, இரண்டு ஜாக்கி உங்களிடம் இருப்பதால் ஜாக்கி ஜோடி 1 வழி, ஏஸோடு மற்றவை ஜாக்கியைத் தவிர்த்துப் பதினொரு வகை 176 வழி, ஜாக்கியோடு 8 வழி. கூட்டினால் 257. உங்களை ஜெயித்து நிற்பது அதே 18தான். நூற்றுக்கு 7. அதே சீட்டு, அதே ஏற்றம், ஆள்தான் வேறு. சீட்டை எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது, மேசையைச் சுற்றி இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த 53-க்கும் 7-க்கும் நடுவில் உள்ள தூரம்தான். உங்கள் கை மடிந்த பிறகும் போனை எடுத்து நோண்டாமல் அவர் எப்போது ஏற்றுகிறார், கடைசியில் எதைத் திருப்பிக் காட்டுகிறார் என்று பாருங்கள். ஒரு மாதம் பார்த்தால் அந்த 34 உங்களுக்கே பிடிபடும்.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர், எண்ணூர்: இந்தக் கணக்கையெல்லாம் கற்றுக்கொண்டால் ஆன்லைனில் காசு வைத்து ஆடிச் சம்பாதிக்க முடியுமா?

வேண்டாம் சார். முதலில் சட்டம். தமிழ்நாடு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்திருந்த பகுதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது, அவை திறமை ஆட்டம் என்ற அடிப்படையில். அதை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதில்லை, ஆன்லைனில் காசு கட்டி ஆடும் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்கிறது.

சட்டத்தை விடுங்கள், கணக்கையே பார்ப்போம். மேலே சொன்ன எண்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தால் எதிராளிக்கும் தெரியும். ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார், ஆகவே ஒரே திறமையுள்ள பத்துப் பேர் ஆடினால் பத்துப் பேருமே சேர்ந்து தோற்பார்கள். என்னிடம் கணக்கு படித்த ஒரு பையன், நன்றாகப் படித்தவன், மணலி பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், மூன்று மாதச் சம்பளத்தைப் போனிலேயே விட்டுவிட்டு ஒரு ராத்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். 1326 என்ற எண்ணை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அந்த முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. நீங்கள் ஏற்கெனவே காசு விட்டிருந்தால், அதை இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி: புத்தகத்தில் போடும் நிகழ்தகவு எனக்கு நம்பிக்கை வரவில்லை சார். கம்ப்யூட்டர் இல்லாமல் நானே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது பாப்பா, ஒரு சீட்டுக்கட்டும் ஒரு நோட்டும் போதும். கட்டிலிருந்து இரண்டு ராஜாவை எடுத்து உன் முன்னால் வை, அது உன் கை. மீதி 50 சீட்டை நன்றாகக் கலைத்து ஒன்பது இடத்தில் இரண்டு இரண்டாகப் போடு. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார், எங்காவது இரண்டு ஏஸ் ஒன்றாக இருந்தால் நோட்டில் ஒரு கோடு. திரும்பக் கலை, திரும்பப் போடு. ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷம் ஆகும். தினம் 23 தடவை போட்டால் பத்து நாளில் 230. மேலே சொன்ன 4.39 சரியென்றால் சுமார் 10 கோடு விழ வேண்டும். ஆனால் சரியாகப் பத்து விழவில்லை என்று வருத்தப்படாதே. 6 விழலாம், 14 விழலாம், அதுவும் இயல்புதான். 25 விழுந்தால்தான் கலைப்பதில் ஏதோ தப்பு என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரு தடவைகூட ஏஸ் ஜோடி வராத நாளும் உனக்கு இருக்கும், ஒரே நாளில் மூன்று வரும் நாளும் இருக்கலாம். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் கோட்டைப் போட்டு வை, மொத்தத்தை மட்டும் எழுதாதே. தம்பி தங்கை இருந்தால் கலைக்கும் வேலையை அவர்களிடம் கொடு, ஏழு தடவை கலைக்கச் சொல். முடித்ததும் அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, நாள்வாரியாக அப்படியே இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.